வெள்ளத்துக்குத் தனிக் காசு

இனி இந்த உலகத்தில் தன்னை ஒருவரும் ஏமாற்ற முடியாது என்று ஹரோல்ட் முடிவு செய்தபோது, அவன் தன் வீட்டு நடுக்கூடத்தில் முழங்காலளவு வெள்ளைச் சேற்றில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் ரேடியோ. இன்னொரு கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பி.ஏ. பட்டம். எதிரே மனைவி ஜெயசீலி அரிசி டின்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அந்தச் சட்டத்த ஆணியில மாட்டிட்டு இந்த டின்ன ஒரு கை புடிங்க."

"மழை என்னை ஏமாத்திடுச்சு, சீலி."

"மழை எல்லாரு வூட்டுக்கும்தான் வந்துச்சு. ஒங்கள மட்டும் தேடிகினு வரல."

அது அறுபத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழை. தங்கவயலின் பாலகாட்டில் அவர்கள் தெருவுக்குப் பின்னால் சயனைடு மேடு இருக்கிறது. தங்கத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சமாகும் கல்மாவை அந்தக் காலத்திலிருந்தே கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருந்தார்கள். வெயில் காலத்தில் அது தூசியாகப் பறந்து சோற்றில் விழும். மழைக் காலத்தில் தோசைமாவு மாதிரி கரைந்து, தெருவில் இறங்கி, கூப்பிடாமலே வீட்டுக்குள் வரும். காய்ந்துவிட்டால் தரையை விடாது. சுரண்டி எடுக்க மூன்று நாள் ஆகும்.

வீடு ஹரோல்டின் அப்பா வாங்கியது. முப்பது வருஷம் பூமிக்கடியில் முட்டுமரம் கட்டியவர், வேலை விட்டபோது கிடைத்த பணம் முழுவதையும் அந்த மண்சுவர் வீட்டில் போட்டுவிட்டு, மகனைப் பெங்களூருக்கு அனுப்பிப் படிக்கவைத்துவிட்டு, கண்ணை மூடினார். அவர் விட்டுப்போன சொத்து இரண்டுதான். ஒன்று வீடு, இன்னொன்று பி.ஏ. பட்டம். வீட்டின் பின்சுவர் இப்போது அடியில் ஊறிப்போயிருந்தது. ஜெயசீலியின் அக்கா ஐடாவின் புருஷன் ராஜப்பா கொத்தனார். அவர் வந்து சுவரை விரலால் குத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது. "இன்னும் ரெண்டு தபா சேறு உள்ள வந்துச்சின்னா சொவரு நிக்காது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயசீலிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ஹரோல்டுக்கும் போயிற்று. ஆனால் அவன் தூக்கம் வேறு காரணத்தால் போயிற்று. சுவர் விழுந்தால், அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே, யார்?

சந்தேகப்படுவது அவனுக்கு உத்தியோகம். நந்திதுர்க் சுரங்கத்து டைம் ஆபீஸில் குமாஸ்தா. ஒருவனுடைய டோக்கனை இன்னொருவன் போட்டுவிட்டு, முதல் ஆள் வீட்டில் படுத்துத் தூங்குகிறானா என்று கண்டுபிடிக்கச் சம்பளம். எட்டு மணி நேரம் ஊரைச் சந்தேகப்பட்டுவிட்டு வருகிறவனுக்கு மிச்ச நேரத்தில் புத்தி சும்மா இருக்குமா? பால்காரியைச் சந்தேகப்பட்டான். கடைக்காரன் தராசைச் சந்தேகப்பட்டான். தீப்பெட்டியில் போட்டிருக்கிற கணக்குக்குக் குச்சி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தான். இரண்டு அதிகமாக இருந்தது. அதிலும் ஏதோ சூது இருக்கிறது என்றான்.

இப்படிப்பட்டவன் வீட்டுக்கு அடுத்த சித்திரை மாதம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சின்னசாமி வந்தார். ராபர்ட்சன்பேட்டையில் மாடிமேல் ஆபீஸ். தோல்பை, வெற்றிலைச் சிவப்பு உதடு, ஓயாத சிரிப்பு. சிரிக்கிற மனிதர் என்றதும் ஹரோல்ட் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"தீப்புடிச்சா குடுப்போம் சார். இடி வுழுந்தா குடுப்போம்."

"வெள்ளம்?"

"அதுக்குத் தனிக் காசு கட்டணும் சார். மேட்டுக்குக் கீழ வூடு கீதில்ல, கொஞ்சம் தூக்கலாத்தான் போடுவாங்க."

"கூரை ஒழுகினா?"

"அது வெள்ளம் இல்ல சார். ஒழுகல்."

"தரைக்கடியிலேருந்து ஈரம் ஏறினா?"

"அது ஊறல் சார். வெள்ளம்னா வெளிய இருந்து தரைமேல ஓடி உள்ள வரணும்."

"அதாவது, தண்ணி மரியாதையா வாசல் வழியா வந்தாத்தான் குடுப்பீங்க."

"கரெக்டா புடிச்சீங்க சார்!"

"எங்கப்பா வாங்கின பீரோ நனைஞ்சா, புது பீரோ வாங்கித் தருவீங்களா?"

"தேய்மானம் கழிச்சிட்டுக் குடுப்போம். பீரோவுக்கு இன்னா வயசு சார்?"

"அவர் கல்யாணத்துக்கு வாங்கினது."

சின்னசாமி பீரோவைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்குக் கழிச்சா, நீங்கதான் எங்களுக்குக் குடுக்கற மாதிரி ஆயிடும் சார்."

"பர்ஸ்ட்?" என்றான் ஹரோல்ட்.

சின்னசாமியின் சிரிப்பு முதல் தடவையாகக் கொஞ்சம் மங்கியது. தங்கவயலில் பர்ஸ்ட் என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். பூமிக்கடியில் பாறை வெடிக்கும். மேலே ஊரே ஒரு குலுக்கு குலுங்கும். பாத்திரம் உருளும், சுவரில் கோடு விழும். ஜனங்கள் வெளியே வந்து நின்று, கீழே ஷிப்டில் இருக்கிறவர்களை நினைத்துச் சாமியைக் கும்பிட்டுவிட்டு, உள்ளே போய்ச் சாய்ந்த படங்களை நேராக்குவார்கள்.

"பூமி அசைஞ்சு வர்ற சேதம் கவர் ஆகாது சார்."

சமையற்கட்டிலிருந்து ஜெயசீலியின் குரல் வந்தது. "இந்த ஊருக்குன்னு வர்றதே பர்ஸ்ட் ஒண்ணுதான். அத்த வுட்டுட்டு வேற இன்னாத்த கவர் பண்றாங்களாம்?"

"நீ சும்மா இரு சீலி. இது சட்ட விஷயம்," என்றான் ஹரோல்ட்.

சின்னசாமி ஒரு மாதிரிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பதினாறு பக்கம். எறும்பு மாதிரி எழுத்து. ஹரோல்ட் பதினோரு நாள் அகராதியோடு உட்கார்ந்து படித்தான். படித்ததைத் தமிழில் உரக்கச் சொன்னான். ஜெயசீலி முறத்தில் அரிசி புடைத்தபடி கேட்டாள். அவள் எட்டாவது வரைதான் படித்தவள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரி ஐயர் செய்கிற பிரசங்கத்தைப் புதன்கிழமை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வாள்.

"நாலாவது கண்டிஷன். 'சொத்துக்குச் சொந்தக்காரர் அதைக் காப்பாற்றத் தன்னால் ஆன முன்ஜாக்கிரதை எல்லாம் எடுக்க வேண்டும்.' பாத்தியா? இங்கதான் கழுத்தறுப்பாங்க. ஏமாத்தறது எப்பவும் சின்ன எழுத்துலதான் இருக்கும். பெரிய எழுத்து முட்டாளுங்களுக்கு."

"இன்னாங்க, ஒண்ணு சொல்லவா? அந்த வெள்ளத்துக்குக் கட்டற காசுல வாசப்படிய ஒசத்திக் கட்டிடலாம். முன்னால பின்னால ரெண்டும். கூலி வாணாம்னு எங்க ராஜப்பா மாமா சொல்றாரு. செங்கலும் சிமெண்டும் வாங்கினா போதும்."

ஹரோல்ட் சிரித்தான். படித்தவன் படிக்காதவளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"படி கட்டினா சேறு வராதுன்னு யாரு கையெழுத்து போட்டுக் குடுப்பா? உங்க மாமா போடுவாரா? இவங்க போட்டுக் குடுக்கறாங்க, சீலி! முத்திரை வெச்சு!"

ஜெயசீலி முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

சின்னசாமி பணம் வாங்க வருவது காலை பத்து மணிக்கு. ஹரோல்டுக்கு அப்போது ஆபீஸ். ஆகவே இரண்டு பழுப்பு லகோட்டாக்களில் பணத்தைப் போட்டு ஒட்டி, ஒன்றின்மேல் 'தீ' என்றும், மற்றதன்மேல் 'வெள்ளம்' என்றும் எழுதி, மனைவி கையில் கொடுத்தான். ரசீது வாங்காமல் ஏஜெண்டை வாசல் தாண்ட விடக்கூடாது என்று மூன்று தடவை சொன்னான்.

சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் விசாரணை ஆரம்பித்தது.

"ஆள் வந்தானா?"

"வந்தாரு."

"லகோட்டா?"

"ரெண்டும் காலி."

"ரசீது?"

"ரெண்டுக்கும் வாங்கிட்டேன்."

"முத்திரை?"

"ரெண்டுலயும் கீது."

"கையெழுத்து? தேதி?"

"ரெண்டுலயும் கீது. பைபிள்ல வெச்சிருக்கேன். பாக்கறீங்களா?"

பைபிளுக்குள் இருப்பதைச் சந்தேகப்பட ஹரோல்டுக்கே கொஞ்சம் அச்சம். வேண்டாம் என்றான்.

பத்து நாளில் பாலிசி தபாலில் வந்தது. ஜெயசீலி அதை ஜாக்கிரதையாகப் பிரித்தாள். காலேஜில் படித்த காலத்திலிருந்து ஹரோல்ட் அட்டை போடாத புத்தகத்தைத் தொடுவதில்லை. அவன் ஆபீஸிலிருந்து வருவதற்குள் அவள் பாலிசிக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, கஞ்சிப்பசை தடவி, மூலை மடித்து ஒட்டி வைத்திருந்தாள். அவன் அதன்மேல் தன் பெயரைப் பி.ஏ.வோடு எழுதினான். பிறகு உள்ளே திறந்து, மாதிரிப் புத்தகத்தையும் பாலிசியையும் பக்கம் பக்கமாக வைத்து, நடுவில் ஒரு வரியையாவது மாற்றியிருக்கிறார்களா என்று நாலு நாள் ஒப்பிட்டான். ஒரு கமா மாறவில்லை.

"பயந்துட்டான்," என்றான் திருப்தியாக. "நான் படிக்கிற ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு அவனுக்கு."

அடுத்த வாரம் வீட்டு முன்னால் ஒரு மாட்டுவண்டி நிறைய செங்கல் இறங்கியது.

ஹரோல்ட் வாசலுக்கு ஓடினான். தங்கவயலில் ஒரு குமாஸ்தா வீட்டு வாசலில் திடீரென்று சாமான் இறங்கினால், அது சுரங்கத்துச் சாமானாக இருக்குமோ என்று ஊர் பார்க்கும். கம்பெனி ஆணி ஒன்று பையில் இருந்தாலும் கேட்டில் பிடித்துவிடுவார்கள். அவன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு செங்கலாகப் புரட்டிக் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பார்த்தான்.

எதிர்வீட்டுப் பார்வதம்மா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே கேட்டாள். "இன்னா தம்பி, கல்லுக்குள்ள தங்கம் தேடறியா?"

"ஒண்ணும் இல்லம்மா. கல்லு நல்லா வெந்திருக்கான்னு பாக்கறேன்."

எல்லாம் பேத்தமங்கலம் சூளைக் கல். சுத்தமான கல். அதனால் சந்தேகம் குறையவில்லை. உள்ளே போனான்.

"சீலி! ஏது இந்தக் கல்லு?"

"காசு குடுத்து வாங்கினது."

"சிமெண்டு? பெர்மிட் இல்லாம வாங்கினா ஜெயிலு!"

"பெர்மிட்டு மாமா பேர்ல கீது."

"காசு யாரு குடுத்தா?"

"நீங்கதான்."

"நான் எப்போ குடுத்தேன்?"

"நீங்க குடுக்காம இந்த வூட்ல ஒரு உப்புக்கல்லு வருதாங்க? எல்லாம் நீங்க குடுக்கறதுதான்."

இதைக் கேட்டதும் ஹரோல்டின் நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. விரிந்த நெஞ்சில் அடுத்த கேள்வி எங்கோ விழுந்துவிட்டது. தேடி வேறொன்றை எடுத்தான்.

"பாலிசி இருக்கும்போது படி எதுக்கு?"

"பாலிசி கீறதாலதான் படி. நாலாவது கண்டிஷன். 'சொத்துக்குச் சொந்தக்காரர் அதைக் காப்பாற்றத் தன்னால் ஆன முன்ஜாக்கிரதை எல்லாம் எடுக்க வேண்டும்.' எடுக்கலன்னா கழுத்தறுப்பாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

ஹரோல்ட் விரல்விட்டுக் கணக்குப் போட்டான். படி கட்டினால் சேறு உள்ளே வராது. சேறு வராவிட்டால் கம்பெனி காசு கொடுக்க வேண்டியதில்லை. படி கட்டாவிட்டால் சேறு வரும். அப்போதும் நாலாவது கண்டிஷனைக் காட்டிக் கொடுக்கமாட்டார்கள். எப்படிப் போனாலும் சின்னசாமிக்கு லாபம்! இவளும் அவரும் ஏதாவது பேசிவைத்துக்கொண்டார்களா? அன்று பத்து மணிக்கு இருவரும் என்ன பேசினார்கள்?

"சின்னசாமி உனக்கு உறவா?" என்றான் திடீரென்று.

"எங்க சாதிசனத்துல வெத்தல போடறவங்க யாரும் இல்ல. செங்கல்ல எடுத்து மாமாகிட்ட குடுங்க, வெயில் ஏறுது."

மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, பட்டதாரி செங்கல் சுமந்தான். சாக்கடையை முழங்கை ஆழம் வெட்டினான். "இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நான் கூலி இல்லாத ஆளாயிட்டேன்," என்று முணுமுணுத்தான். ராஜப்பா கரணையால் பூசிக்கொண்டே, "நான் யாருக்குத் தம்பி கூலி இல்லாத ஆளு?" என்றார்.

படி முடிந்தது. தெருவைப் பார்த்த பக்கம் ஈரச் சிமெண்டு கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஹரோல்டால் தாங்க முடியவில்லை. அப்பா வீட்டில் அவன் கைபட்டு எழும்பிய முதல் காரியம். ஓர் ஆணியை எடுத்துக் குந்தி உட்கார்ந்து, டைம் ஆபீஸ் ரிஜிஸ்டரில் போடுகிற அதே கையெழுத்தைப் போட்டான். 'ஹரோல்ட், பி.ஏ.' அடியில் இரண்டு கோடு. ஜெயசீலி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"நல்லா கீதுங்க," என்றாள்.

ஆவணியில் ஒரு பர்ஸ்ட் வந்தது. பகல் பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. ஊர் குலுங்கியது. தெருவே வெளியில் ஓடியது. ஹரோல்ட் மட்டும் உள்ளே ஓடினான். பாலிசியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலில் நின்று, "யாரும் ஆசைப்படாதீங்க! இது கவர் ஆகாது!" என்று தெருவுக்கு அறிவித்தான்.

"ஒன் வூட்டுக்காரரு வெளிய வரமாட்டாரா?" என்று பார்வதம்மா கேட்டாள்.

"அவரு கண்டிஷன் பாத்துகினு கீறாரு," என்றாள் ஜெயசீலி. "முடிச்சிட்டு வருவாரு."

ஐப்பசி வந்தது. மழையும் வந்தது. இரண்டு நாள் விடாமல் அடித்துவிட்டு, மூன்றாம் நாள் மத்தியானம் மேடு கரைந்து இறங்கியது. தெரு முழுக்க வெள்ளை. பார்வதம்மா வீட்டுக்குள் போயிற்று. அடுத்த வீட்டுக்குள் போயிற்று. பிறகு ஹரோல்ட் வீட்டுக்கு வந்தது. முதல் செங்கல் வரிசை மறைந்தது. இரண்டாவது மறைந்தது.

ஹரோல்ட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குள் ஒரு வெட்கங்கெட்ட ஆசை எட்டிப் பார்த்தது. ஒரே ஓர் அங்குலம். உள்ளே வந்து ரேடியோவின் காலை மட்டும் நனைத்துவிட்டுப் போனால்... ரேடியோவுக்கு வயசு குறைவு, தேய்மானம் அதிகம் கழிக்கமாட்டார்கள். திரும்பினான். ஜெயசீலி பின்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். ஆசையை விழுங்கிவிட்டு அவனும் பக்கத்தில் போய்ச் சுவரில் கையை வைத்தான். காய்ந்திருந்தது.

சேறு படியின் பாதி உயரத்தில் நின்றது. அரை மணி நேரம் யோசித்தது. பிறகு வெட்டின சாக்கடை வழியாக மெதுவாகப் போய்விட்டது. போகும்போது கீழ்ப்படியில் மறந்துபோய் விட்டிருந்த ஹரோல்டின் புது ஷூவை ஜோடியாக எடுத்துக்கொண்டு போயிற்று.

சாயங்காலத்துக்குள் தெருவின் பாதி சாமான் அவன் கூடத்தில் இருந்தது. அவன் நாற்காலியில் பார்வதம்மாவின் கோழிகள்.

"கடவுளே! எங்க அரிசி தப்பிச்சது ஒன்னாலதான் தம்பி. படிச்சவன் படிச்சவன்தான்!"

"எல்லாம் முன்னாடியே திட்டம் போட்டதும்மா," என்றான் ஹரோல்ட், கோழியை நகர்த்திவிட்டு உட்கார்ந்து. "படியும் இருக்கு, பாலிசியும் இருக்கு. ஷூவுக்கு இப்ப லெட்டர் எழுதப்போறேன். ஒரு காசு விடமாட்டேன்."

ஜெயசீலி அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் காலை சின்னசாமியே வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, சேற்றில் நடந்து, அதே சிரிப்போடு. ஏமாற்றத்தான் வருகிறான் என்று ஹரோல்ட் பாலிசியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான்.

"சார், இந்தத் தெருவுலயே ஒங்கள மாதிரி புத்திசாலி இல்ல சார்!"

"புகழ்ச்சி எல்லாம் வேணாம். ஒரு ஜோடி ஷூ போயிருக்கு. வெள்ளம். வெளிய இருந்து தரைமேல ஓடி வந்தது. முன்ஜாக்கிரதை எல்லாம் எடுத்தாச்சு. மூணு மாச ஷூ. கழிக்கறதைக் கழிச்சிட்டு மிச்சத்தைக் குடுங்க."

சின்னசாமி அவனையும் பார்த்தார், பார்வதம்மாவையும் பார்த்தார். "சார் தமாஷ் பண்றீங்க. வெள்ளம்தான் ஒங்களுக்கு இல்லியே. 'சார் பதினோரு நாள் படிச்சுப் பாத்தாரு, தீ மட்டும் போதும்'னு தங்கச்சி அன்னிக்கே சொல்லிட்டாங்களே. பாலிசி மொதப் பக்கத்துல பெருசா டைப் அடிச்சிருக்கே சார்!"

ஹரோல்ட் பழுப்பு அட்டையை நகத்தால் கிழித்தான். கஞ்சிப்பசை நல்ல பசை. அட்டையோடு சேர்த்து ஒட்டியிருந்த முதல் பக்கம் துண்டு துண்டாகத்தான் வந்தது. அந்தப் பாலிசியிலேயே மிகப் பெரிய எழுத்தில், குருடனும் தடவிப் படிக்கிற மாதிரி, வெள்ளம் சேர்க்கப்படவில்லை என்று இருந்தது.

பைபிளைத் திறந்தான். ரசீது இரண்டும் இருந்தன. முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. ஒன்று இன்சூரன்ஸ் கம்பெனி ரசீது. இன்னொன்று பேத்தமங்கலம் செங்கல் சூளை ரசீது.

கோபம் வந்தால் அவனுக்குப் பெங்களூர்ப் படிப்பு போய் ஊர்ப்பேச்சு வந்துவிடும். "இன்னா சீலி இது! வெள்ளத்துக்குன்னு குடுத்த காசு!"

ஜெயசீலி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சத்தம் போடவில்லை.

"ஆமாங்க. லகோட்டா மேல 'வெள்ளம்'னு எழுதியிருந்தீங்க. வெள்ளத்துக்குத்தான் செலவு பண்ணேன்."

"அவங்க கையெழுத்து போட்டுக் குடுத்திருப்பாங்களே! படிக்கு யாரு கையெழுத்து போட்டுக் குடுத்தா? சொல்லு, யாரு போட்டா?"

சின்னசாமி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"வெளிய போய்ப் பாருங்க," என்றாள் ஜெயசீலி.

ஹரோல்ட் வெறுங்காலோடு தெருவில் இறங்கி, சேற்றில் நின்று, திரும்பிப் பார்த்தான். படியில் சேறு ஏறி நின்ற இடம் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. அதற்கு நாலு விரல் மேலே, ஒரு துளி படாமல், 'ஹரோல்ட், பி.ஏ.' அடியில் இரண்டு கோடு.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பாத்தாச்சின்னா கால கழுவிட்டு உள்ள வாங்க. நீங்க மிதிச்சிகினு வர்ற சேறு எதுலயும் கவர் ஆகாது."